இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்பு அம்புகள்

அந்தத் தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரிஜெக்ட் ராணி. செக்கிங் பகுதியில் பத்து மேசைகள், பத்துப் பெண்கள். தைத்து வரும் சட்டையை விரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். குறை இல்லையென்றால் சட்டையில் தொங்கும் அட்டையில் அவரவர் எண் உள்ள முத்திரையைக் குத்தி அனுப்ப வேண்டும். அவளுடைய எண் பதினேழு.

மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற குறையை அவள் எங்கோ பார்த்துக்கொண்டே பிடித்துவிடுவாள். உள்ளங்கையால் ஒரே ஒரு தடவு. விட்டுப்போன தையல், ஊசி குத்திய ஓட்டை, உள்ளே மடங்கிக்கிடக்கும் நூல் முடிச்சு, ஒன்றும் தப்பாது. "இது கையா, ஸ்கேன் மெஷினா?" என்று எதிர் மேசைக்காரி கேட்பாள். ஆனால் அதே கையால் ஒரு பாட்டில் மூடியை ஒழுங்காகத் திருக முடியாது என்பதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பதினாலு வயதுவரை அவளுக்கு ஷூ லேஸ் கட்ட வரவில்லை. தினமும் நுழைகிற வாசலிலேயே தினமும் தோளை இடித்துக்கொள்வாள். தண்ணீர் ஊற்றச் சொன்னால் டம்ளருக்குப் பாதி, தரைக்குப் பாதி. வீட்டில் எல்லோருக்கும் அவள் தத்தி. அதையாவது விடுங்கள், புதுச்சட்டை போடும் நாளெல்லாம் வீடு ரெண்டுபடும். கழுத்து லேபிள் குத்துகிறது, ஓரத் தையல் அறுக்கிறது என்று உடம்பை முறுக்கிக்கொண்டு அழுவாள்.

"எல்லாருக்கும்தான் குத்துது. அவங்கல்லாம் பொறுத்துக்கலையா? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்பாள் அம்மா.

அம்மா கெட்டவள் இல்லை. நாலு பிள்ளைகளைக் கிளப்பி அனுப்பும் அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் அந்தப் பாவி மகள் அதை அப்படியே நம்பிவிட்டாள். உலகத்தில் எல்லோருக்கும் சட்டை குத்துகிறது, எல்லோர் காதிலும் டியூப்லைட் இரைகிறது, அடுத்தவர் தோள் உரசினால் எல்லோருக்கும் உடம்பு கூசுகிறது, ஆனால் மற்றவர்களுக்குப் பொறுமை இருக்கிறது, தனக்குத்தான் இல்லை. முப்பத்தாறு வயதுவரை அவள் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான்.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். பொத்தான், கொக்கி எதுவும் இல்லாத உடுப்பாகத் தேடி வாங்கி, பதினைந்து முறை துவைத்துத் துவண்டபிறகுதான் போடுவாள். லேபிளையெல்லாம் வெட்டிவிடச் சொல்லிக் கணவரிடம் கொடுத்துவிடுவாள். தானே வெட்டினால் துணியும் சேர்ந்து போய்விடும். வேலை விட்டு வந்ததும் குளியலறைக்குள் போய் விளக்கைக்கூடப் போடாமல் அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்திருப்பாள். கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர், தங்கமான மனுஷன். யாராவது வந்து அவளைக் கேட்டால், "சர்வீஸ்ல இருக்கா, அரைமணி நேரம் ஆகும்" என்பார்.

வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. செக்கிங் என்றால் தடவிப் பார்ப்பது மட்டுமில்லை, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலைக் குட்டிக் கத்தரியால் வெட்டவும் வேண்டும். சேர்ந்த மாதமே நூலோடு ஒரு சட்டைக் கையையும் வெட்டி முதல் எச்சரிக்கைக் கடிதம் வாங்கினாள். அடுத்த வருஷம் முழங்கை பட்டு மைப்பெட்டி கவிழ்ந்தது, வெள்ளைச் சட்டைகள் ஆறு நாசம். அது இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

அவளைக் காப்பாற்றியது எதிர் மேசைக்காரிதான். அவளுக்குக் கத்தரி என்றே பெயர், கை அவ்வளவு வேகம். இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொண்டார்கள். கறுப்புத் துணியில் கத்தரிக்குக் கண் தெரியாது, அதை இவள் தடவிப் பார்த்துக் கொடுப்பாள். இவள் மேசைப் பிசிறையெல்லாம் கத்தரி வெட்டித் தருவாள். மேசைக்குக் கீழே சட்டை போவதும் வருவதும் ஏழு வருஷமாக நடந்தது, ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்கு வந்தது குழந்தைகள் சட்டை. மூன்று வயது, நான்கு வயது அளவு. முதல் சட்டையின் கழுத்துப் பக்கம் கை போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். லேபிளைக் கண்ணாடி மாதிரி இருக்கும் நைலான் நூலால் தைத்திருந்தார்கள். அதன் வெட்டிய முனை கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கையில் முள்ளாகக் குத்தியது. அம்பு ஒட்டினாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மதியத்துக்குள் அவள் மேசையில் ஒதுக்கப்பட்டவை இருநூற்றுப் பன்னிரண்டு. மற்ற ஒன்பது மேசைகளிலும் சேர்த்து நாலோ ஐந்தோதான்.

மேனேஜர் வந்தார். கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அம்பு இங்க காட்டுது. குறை எங்கம்மா?"

"லேபிள் தையல், சார். குத்துது."

அவர் தடவிப் பார்த்தார். சூப்பர்வைசரம்மா வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தச் சட்டை மேசை மேசையாகப் போனது. "ஒண்ணும் தெரியலை சார்." "நல்லா இருக்கு சார்." கடைசியாகக் கத்தரியின் கைக்கு வந்தது. அவள் மூன்று முறை தடவினாள். இவள் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் ஒண்ணும் தெரியலை சார்" என்றாள்.

"சாயங்காலம் சரக்கு வண்டி ஏறணும்மா," என்றார் மேனேஜர். "அஞ்சரைக்குள்ள எல்லா அம்பையும் எடுத்துட்டு உங்க சீல் போட்டு அனுப்பிடுங்க. இல்லேன்னா தெரியாம செஞ்சுட்டேன்னு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை இருக்கு போலிருக்கே."

என்ன சொல்வாள்? எனக்குக் குத்துகிறது, உங்களுக்குத் தெரியவில்லை என்றா? அப்படியானால் இத்தனை வருஷம் நீ ஒதுக்கியதெல்லாம் உன் தோல் கோளாறா என்று அடுத்த கேள்வி வரும். கேள்வி கேட்டால் பிசிறு விஷயம் வெளியே வரும், கத்தரியும் சேர்ந்து மாட்டுவாள். வந்த பதிலையெல்லாம் மென்று விழுங்கிவிட்டு, "எடுத்துடறேன் சார்" என்றாள்.

டீ இடைவேளையில் கத்தரியைத் தனியாகப் பிடித்தாள்.

"அவருக்குப் பயந்துதானே அப்படிச் சொன்னே? நான் ஒண்ணும் கோவிச்சுக்கலை. உண்மையைச் சொல்லு."

"சத்தியமா இல்லக்கா. எது குத்தணும்னே எனக்குத் தெரியலை."

"லேபிள்டி. எல்லாருக்கும் குத்தறதுதானே. இப்ப உன் சட்டையில இருக்கே, அது குத்தலையா?"

கத்தரி கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்த் துழாவினாள். "அட, ஆமா," என்றாள். "இதுல லேபிள் இருக்கா?"

டீ கோப்பையை எங்கே வைத்தோம் என்றே இவளுக்குத் தெரியவில்லை. கத்தரி பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. யாருமே பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களுக்குச் சட்டை போட்டதும் மறந்தே போய்விடுகிறது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், இந்த மிஷின் இரைச்சலில், எல்லோரும் சும்மா, சுகமாக இருந்திருக்கிறார்கள். அவள் மட்டும்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பெல் அடித்துவிட்டது.

நகக்கண் அளவு ஸ்டிக்கரை உரிப்பது உங்களுக்கும் எனக்கும் ஒரு வேலையே இல்லை. அவளுக்கு அதன் ஓரத்தைக் கண்டுபிடிக்கவே அரை நிமிஷம். பிடித்து இழுத்தால் பாதியில் கிழியும். மீதியைச் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது விரல் நழுவி நேராக அந்த நூல் முனையில் போய் உரசும். ஒவ்வொரு முறையும் அது தோள்பட்டைவரை ஏறி, பின்பல்லில் போய்க் கூசியது. மேசைக்குக் கீழே தள்ளவும் வழியில்லை, சூப்பர்வைசரம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டாள். எதிரே கத்தரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம்மா," என்றாள் சூப்பர்வைசரம்மா. "ஒட்டத் தெரிஞ்ச கைக்கு எடுக்கத் தெரியாதா?"

எண்பதாவது சட்டையில் வலது கட்டைவிரல் மரத்துப்போனது. இடது கையால் உரித்தாள், அது இன்னும் மோசம். தலைக்கு மேலே டியூப்லைட் இரைந்தது. நூற்றைம்பதில் உட்கார முடியாமல் எழுந்து நின்றாள்.

நிற்கும்போதுதான் அந்தக் கணக்கு அவள் மனதில் வந்து விழுந்தது. பத்து மேசையில் ஒருத்திக்குக் குத்தியிருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளில் எத்தனை? இருபது பேர் வேண்டாம், ஒரே ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம். அது எங்கோ ஒரு வீட்டில் உடம்பை முறுக்கிக்கொண்டு அழும். யாராவது லேபிளைத் தடவிப் பார்ப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். செக்கிங் முடிந்தது, பதினேழு என்று இருக்கும்.

கடைசிச் சட்டைக்கு வந்தபோது ஐந்து இருபது. அம்பை உரித்தாள். முத்திரையைக் குத்தினாள். மை காய்ந்துபோயிருந்தது, அட்டையில் ஒன்றும் விழவில்லை. சூப்பர்வைசரம்மா அந்த நேரம் கதவுப் பக்கம் திரும்பி வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டையை மேசைக்குக் கீழே மெல்ல நழுவவிட்டால் போதும். ஒரே ஒரு சட்டை, யாருக்கும் தெரியாது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி, தன் எண் தெளிவாக விழும்படி இன்னொரு முறை குத்தி, பெட்டியில் போட்டாள்.

மேனேஜர் வந்து பெட்டியைப் பார்த்தார். மேலாக இருந்த ஒரு சட்டையை எடுத்துக் கழுத்தைத் தடவி, திருப்தியாகத் தலையாட்டினார்.

"பார்த்தீங்களா? இப்பப் பழகிடுச்சு. இதே லேபிள்ல இன்னும் நாலாயிரம் பீஸ் நாளைக்கு வருது. மொத்தத்தையும் உங்க மேசைக்கே போடச் சொல்லிடறேன்."

அவள் வலது கையை இடது கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அது எரிந்துகொண்டிருந்தது.

"சரி சார்," என்றாள்.