நெருப்பெரிச்சலில் என் காருக்கு ஓர் ஆயில் பேன்

மாதத்தில் ஒரு ஞாயிறு, கோவைப் பக்கம் உள்ள பந்தயத் தடத்தில் என் பதினாறு வயதுக் காரை ஓட்டுவேன். போன மாதம் நீண்ட இடது வளைவில் ஆயில் பிரஷர் விளக்கு மூன்று முறை எரிந்தது. வேகமாகத் திரும்பும்போது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பேனில் எண்ணெய் வலப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது; உறிஞ்சும் குழாய் வெறும் காற்றை இழுக்கிறது. இன்னொரு ஞாயிறு இப்படியே ஓட்டினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். இந்த மாடலுக்கு வேறு எஞ்சின் இனிக் கிடைக்காது.

கடையில் இருந்தவை எல்லாம் ஆழமான பேன்கள். எண்ணெய் அதிகம் பிடிக்கும்தான். நம் ஊர் வேகத்தடைகளில் அடியும் வாங்கும். அகலமான, உள்ளே தடுப்புத் தகடு வைத்த பேன் ஒன்றை நானே வரைந்தேன். திருப்பூர் வேலம்பாளையத்துத் தோழி, அங்கே நெருப்பெரிச்சலில் ஒரு வெல்டரைச் சொன்னாள். வியாழன் காலை 8.30க்குக் கோவையிலிருந்து கிளம்பி, அவிநாசியில் 60 ரூபாய்க்கு இட்லி, காபி முடித்து, 10.10க்கு நெருப்பெரிச்சல். 54 கிலோமீட்டர்.

அந்த வெல்டர் ஜமால் பாய், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு எண்ணெய் ட்ரே செய்பவர். பந்தயக் காரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"முதல்ல சாம்பிள் போட்டுரலாமுங்க."

"ஞாயித்துக்கிழமை வண்டி ஓடணும் பாய். நேரா பேனையே செஞ்சிடுங்க."

"சாம்பிள் ஓகே ஆகாம இந்த ஊர்ல ஒரு பனியன்கூட வெட்ட மாட்டாங்க. உங்க எஞ்சின் பனியனைவிட மட்டமுங்களா?"

சரி என்று படத்தை நீட்டினேன். உள்ளே தெரியும்படி அக்ரிலிக் ஷீட்டில் என் படத்தின்படியே ட்ரே செய்து, உறிஞ்சும் குழாய் போல ஒன்றைப் பொருத்தி, எண்ணெய் ஊற்றி, சரக்கு ஆட்டோவில் ஏற்றினார். ட்ரேயைப் பிடித்தபடி நான் பின்னால். பக்கத்து யூனிட்டின் காலி முற்றத்தில் அவர் வட்டமடிக்க, டீ குடிக்க வந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க பாய், அக்காளுக்குத் தலை சுத்தப் போகுதுங்க," என்றார் ஒருவர்.

"சுத்தறது எண்ணெய்ங்க. அக்கா கணக்குப் பாக்கறாங்க."

இரண்டாம் வட்டத்திலேயே தடுப்பின் இடுக்கு வழியாக எண்ணெய் ஓடிப்போய், குழாயின் வாய் வெளியே தெரிந்தது. தோற்றது நான் வரைந்த படம். பாய் உள்பக்கம் மட்டுமே திறக்கும் குட்டிக் கதவுகளைத் தடுப்பில் பொருத்தினார். எண்ணெய் குழாயை நோக்கி வரலாம், திரும்பிப் போக முடியாது. இந்த முறை ஆறு வட்டம். குழாய் மூழ்கியே இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்; முற்றமே சிரித்தது.

பிறகு ட்ரேயில் ஓர் அட்டையைக் கட்டி நீட்டினார். "அப்ரூவ்டுனு எழுதிக் கையெழுத்துப் போடுங்க." போட்டேன்.

சனி மாலை 4 மணிக்கு பேன் தயார்: 2 மில்லிமீட்டர் இரும்பு, 9,500 ரூபாய். அலுமினியம் கேட்டிருந்தேன், கல் பட்டால் இரும்பு நசுங்கும், அலுமினியம் விரிசல் விடும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

நீங்களும் செய்வதாக இருந்தால், பழைய பேனையும் கேஸ்கெட்டையும் கையோடு கொண்டு போங்கள். வெல்டிங் சூட்டில் விளிம்பு வளையாதபடி தடித்த தகட்டில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் படிந்தாலும் பரவாயில்லை என்னும் உடையில் போங்கள்.

ஞாயிறு முதல் சுற்றில் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எரியவில்லை. ஐந்தாவது சுற்றிலிருந்து வளைவை மட்டும் பார்த்தேன்.