ஏழாவது நரம்பு

கம்பெனியில் அவளை எல்லோரும் "ஆல்டர் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வந்த உடுப்பில் பிழை கண்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, "ஆல்டர்!" என்று தைத்தவரிடமே திருப்பி எறிவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக அதேதான். எமனிடம் தப்பினாலும் அவளிடம் தப்ப முடியாது என்பார்கள்.

அவளுடைய ஆசையோ வேறு. சாம்பிள் ரூமில் உட்கார வேண்டும். முதல் உடுப்பு பிறப்பது அங்கேதான். மற்றதெல்லாம் அதைப் பார்த்துத் தைப்பது. அந்த ரூம் மாஸ்டரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"குறை சொல்ல யாராலயும் முடியும்க்கா. நீங்க ஒண்ணு தைச்சுக் காட்டுங்க, பாப்போம்."

காட்டுகிறேன் பார் என்று கிளம்பினாள். கழிவறை ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் ஒரு கொடி, பூச்சி அரித்த அகல இலைகளோடு. அதில் ஒன்றைப் பறித்து டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிகளைக் கேட்டு வாங்கி, இரண்டு அடுக்குக்கு நடுவே பஞ்சு பரப்பி, எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கையாலேயே ஒரு கோட்டுத் தைத்தாள். முதுகு முழுக்க ஒரே இலை. நடுவில் தண்டு, பக்கத்துக்கு ஏழு நரம்பு, பூச்சி தின்ற ஓட்டைகளுக்குப் பழுப்புத் துணி.

"இதைப் போட்டுட்டு வெளிய போனா ஆடு மேஞ்சிடும்டி" என்று புருஷன் கிண்டலடித்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவனும் ஒருநாள் போட்டுப் பார்த்தான்.

மாஸ்டர் கோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "வச்சுட்டுப் போங்கக்கா. முதலாளிகிட்ட காட்டுறேன்." அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்புறம் மூன்று மாதம் பேச்சுமூச்சில்லை. கேட்டால், "பாக்கலாம்க்கா."

ஒரு திங்கட்கிழமை அவள் மேஜைமேல் வந்து விழுந்தது முதல் கட்டு. அதே இலை, அதே பழுப்பு ஓட்டைகள். இரண்டாயிரம் கோட்டு ஆர்டராம். மாஸ்டரோட டிசைனாம்! ஒப்பிட்டுப் பார்க்க எதிரே தொங்கவிட்டிருந்த சாம்பிள் அவள் கோட்டேதான். காலரில் மாஸ்டர் கையெழுத்துப் போட்ட அட்டை. நல்லா இருக்கட்டும், மகராசன்.

கோட்டை உற்றுப் பார்த்தபோதுதான் கவனித்தாள்: இலையின் இடப்பக்கம் ஆறு நரம்புதான். ஊசி குத்தி ரத்தம் பட்டதென்று ஒருநாள் ஒரு நரம்பைப் பிரித்தவள், திரும்பத் தைக்கவே மறந்திருக்கிறாள். ஊரார் பிழையெல்லாம் பிடித்தவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை, பாருங்கள்! வந்த கோட்டுகளிலும் வரிசையாக ஆறு, ஆறு, ஆறு.

கோட்டைத் தூக்கிக்கொண்டு சாம்பிள் ரூமுக்கு ஓடினாள். "மாஸ்டர், அது என் கோட்டு. இதோ பாருங்க, நான் விட்டுட்ட நரம்பு. ஊசி போன ஓட்டைகூட இருக்கு."

மாஸ்டர் நிமிரவே இல்லை. "அதான் டிசைனே. வாங்குறவங்களுக்கு அந்தக் குறைதான் புடிச்சிருக்கு. போய் வேலையப் பாருங்கக்கா. சாம்பிள் மாதிரி இல்லாத ஒரு பீஸ் வெளிய போச்சு, நீங்கதான் பொறுப்பு."

சாயங்காலம் ஒரே ஒரு கோட்டில் இரண்டு பக்கமும் ஏழு நரம்பு இருந்தது. தைத்த மூன்றாம் மிஷின்காரியைக் கூப்பிட்டாள்.

"இலைன்னா ரெண்டு பக்கமும் சமமாத்தானேக்கா இருக்கும்? ஒண்ணு விட்டுப்போச்சேன்னு நானே போட்டேன். சரிதானே?"

அவள் அந்த நரம்பை விரலால் தடவினாள். எட்டு மாதம் அவள் மனசில் இருந்த இலை அதுதான்.

"சரிதான்மா" என்றாள். சிவப்பு ஸ்டிக்கரை உரித்து அதன்மேல் ஒட்டினாள். "ஆனா சாம்பிள்ல இல்ல. ஆல்டர்."