இறகு ஓரத்தில் ஒரு வெட்டு

எண்பதுகளில் தருமபுரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்தேன். பாடத்துக்காகப் பழ ஈக்களைப் பால் பாட்டில்களில் வளர்த்தோம். ஈக்களை மயக்கும் ஈதர் வாசனையும் கனிந்த வாழைப்பழ வாசனையும் கலந்து, மதிய நேரங்களில் ஆய்வகமே அரைத் தூக்கத்தில் மிதக்கும்.

அப்படியொரு மதியம், அட்டெண்டர் மாதம்மாள் ஒரு பாட்டிலும் பூதக்கண்ணாடியுமாக வந்தார்.

"சார், இந்த பாட்டில்ல ரெக்கை ஓரம் வெட்டுப்பட்டதெல்லாம் பொட்டை ஈதானுங்க. ஆம்பளை ஈ ஏனுங்க இவ்ளோ கம்மி?"

அசந்துபோனேன். அது 'நாட்ச்' என்ற மரபணுவின் கோளாறு. கருவில் ஒரு செல் பக்கத்துச் செல்லைத் தொட்டு, 'நான் நரம்பாகிறேன், நீ தோலாகவே இரு' என்று சொல்லும். அதைக் கேட்கும் காது அந்த மரபணு தருவது. பெண்ணுக்கு இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் இறகில் வெட்டோடு பிழைத்துக்கொள்ளும். ஆணுக்கு அம்மாவிடமிருந்து வரும் ஒரே பிரதிதான்; அது கெட்டிருந்தால் பிழைக்காது.

உற்சாகமாகச் சொன்னேன்: "பாதி ஆண் முட்டையிலேயே செத்துடுதும்மா. குறை ஆத்தாகிட்ட இருந்துதான் வருது."

மாதம்மாள் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"அப்ப குறை என்கிட்டதான்னு எங்க மாமியா சொல்றது நெசந்தானுங்களா சார்? எனக்கு மூணு ஆம்பளைப் பசங்களும் வயித்துலயே போயிருச்சுங்க."

"ஐயோ, ஈக்குச் சொன்னதும்மா, உங்களுக்கில்ல" என்று பதறினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பாட்டில் வாயில் பஞ்சை அடைத்து அலமாரியில் வைத்தார். அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வகுப்பில் நான் 'குறை' என்று சொன்னதே இல்லை. 'மாற்றம்' என்பேன். அந்தத் திருத்தம் மாதம்மாள் காதுக்குப் போய்ச் சேரவேயில்லை.