அப்பாவின் வண்டியும் மாமாவின் ஆயில் சீலும்

வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் கியர் ஆயில் ஊறினால் எழும் வாசனை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். டெல்லியில் "லூ" என்று சொல்லும் அனல்காற்று வீசிய ஒரு கோடையில், ஜனக்புரியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் படிக்கட்டு முழுக்க அந்த வாசனைதான் நிறைந்திருந்தது. கீழே நின்ற அப்பாவின் மோட்டார் சைக்கிள் அதற்குக் காரணம். மீட்டர் ஒரு முழுச் சுற்று முடிந்து பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்த கிழட்டு வண்டி. நான் அப்போது ஏழாம் வகுப்பு. அப்பாவும் கணேசன் மாமாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சில்லாமல் இருந்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. வேலை கிடைக்கும்வரை என்று சொல்லித் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், வேலை கிடைத்த பிறகும் எங்கள் முன்னறையிலேயே படுத்திருந்தது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பா அலுவலகத்துக்கு, மாதக்கட்டணத்தில் ஓடும் "சார்ட்டர்ட் பஸ்"ஸில் போவார். வார நாட்களில் வண்டியை மாமா எடுத்துப் போவார். எடுக்காதே என்று சொல்ல அம்மா விடவில்லை. அதனால் வண்டியைப் பற்றி இருவருக்கும் எது சொல்ல வேண்டியிருந்தாலும், மற்றவர் காதில் விழும்படி அம்மாவிடம் சொல்வார்கள்.

"அக்கா, கியர்பாக்ஸ் ஆயில் சீல் போயிட்டு. அத்தான்ட்ட சொல்லு. ஆயில் பின்டயர்ல பட்டா வழுக்கிரும்" என்றார் மாமா ஒருநாள். எண்ணெய் வெளியே கசியாமல் தண்டைச் சுற்றி அடைத்து நிற்கும் ரப்பர் வளையம் அது.

அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "வயசான வண்டி ஒழுகத்தான் செய்யும். ஓசி வண்டி ஓட்டுதவனுக்கு அவ்வளவு பயமா இருந்தா பஸ்ல போகச் சொல்லு" என்றார்.

அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. அப்பா வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்தார். அட்டை கறுத்து ஊறிப்போனால் வேறு அட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு காய்கறி வாங்கப் போகும்போது, சந்தைக்குத் திரும்பும் முனையில் பின்சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்தது. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அம்மா வலதுகையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு அம்மா படியேறி வந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சொன்னேன்லா."

"நீ ஓட்டி ஓட்டித்தான் அது இந்தக் கதிக்கு வந்துது" என்றார் அப்பா.

மாமா ஒரு எட்டு முன்னால் வந்தார். அப்பாவும் வந்தார். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத அந்த நடையில், ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும்படி நின்றார்கள். அம்மா நடுவில் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, "எனக்குக் கை வலிக்கி. அடிச்சுக்கிறதா இருந்தா கீழ போயி அடிச்சுக்குங்க" என்றாள்.

அடுத்த விடுமுறை நாளில் மாமா கரோல்பாக் போய்ப் புது ஆயில் சீல் ஒன்றை வாங்கி வந்து, யாரிடமும் கேட்காமல் வண்டியைப் பிரிக்க உட்கார்ந்தார். சத்தம் கேட்டு அப்பா லுங்கியோடு இறங்கிப் போனார். நானும் அம்மாவும் பால்கனிக்கு ஓடினோம்.

"என் வண்டியத் தொடாத."

"தொடாம எப்படி மாட்டுறது?"

"நான் மாட்டுவேன். தள்ளு."

மாமா எழுந்து கைகட்டி நின்றுகொண்டார். அப்பா மூடியைக் கழற்றி, உள்ளே களிமண்போல அப்பியிருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தார். செயின் ஓடும் சின்னப் பல்சக்கரத்தின் நட்டில் வந்து மாட்டிக்கொண்டார். ஸ்பேனரை அழுத்தினால் பின்சக்கரமும் சேர்ந்து சுற்றியது. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டால்தான் நட்டு கழலும். தானே காலை நீட்டி மிதித்துப் பார்த்தார், எட்டவில்லை. வியர்வை அவர் முதுகில் வழிந்தது. மாமா பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா கேட்பதாக இல்லை.

"ஏல கணேசா, பிரேக்க மிதி" என்று அம்மா மேலிருந்து அதட்டினாள். மாமா மிதித்தார். நட்டு கிரீச்சிட்டுக்கொண்டு திரும்பியது.

பழைய சீலின் ரப்பர் கல்லாக இறுகிப்போயிருந்தது. அதை நெம்பி எடுத்ததும் மாமா குனிந்து பல்சக்கரம் மாட்டியிருந்த தண்டை விரலால் தடவினார். சீல் உரசி உரசித் தண்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "செயின இப்படி விறைப்பா இழுத்துக் கட்டுனா தண்டு ஆடத்தான் செய்யும், சீல் போகத்தான் செய்யும்" என்றார். அந்த வீட்டில் செயினை இறுக்குகிறவர் அப்பா ஒருவர்தான். ஸ்பேனர் பறக்கப்போகிறது என்று நினைத்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா நிமிர்ந்து பால்கனியில் அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு, "இப்ப என்ன செய்யணுமாம்?" என்று அம்மாவிடம் கேட்பதுபோல் காற்றிடம் கேட்டார்.

"பழைய ஆழத்துக்கு எறக்கக் கூடாது. கொஞ்சம் வெளிய நிறுத்தணும். பள்ளம் இல்லாத எடத்துல சீல் பதியணும்."

"அது எனக்குத் தெரியும்."

அப்பா புது சீலுக்கு எண்ணெய் தடவி வைத்துத் தட்டினார். அது கோணலாக இறங்கியது. மாமா அவர் தோளைத் தள்ளிவிட்டு, சுத்தியலைப் பிடுங்கி, ஒரு குழாய்த்துண்டை மேலே வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டி நேராக்கினார். கடைசி இரண்டு தட்டுகளுக்கு அப்பா சுத்தியலைத் திரும்பப் பறித்துக்கொண்டார். அதற்குப்பின் ஒழுகல் நின்றது.

பேச்சு மட்டும் வரவில்லை. அந்த மாதமே மாமா முனிர்க்காவில் அறை பார்த்துக்கொண்டு போனார். அப்பா உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை. பிறகெல்லாம் அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் மாமா வருவார். பல வருடங்கள் கழித்து, பழைய வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்று ஆனபோது, அப்பா என்னிடம், "வண்டி நாளைக்குப் போகுதுன்னு ஒங்க மாமன்ட்ட சொல்லு" என்றார். மாமா வந்தார். குனிந்து, வண்டியின் அடியில் துடைத்து, ஈரமில்லாத விரலை அப்பாவிடம் காட்டினார்.

"நான் போட்ட சீல்" என்றார்.

"போட்டது நான். நீ பிரேக்க மிதிச்ச" என்றார் அப்பா.

காப்பி குடிக்காமலே மாமா போய்விட்டார்.

ஜனக்புரி வீட்டை விற்றாயிற்று. வண்டி நின்ற இடத்தில் இப்போது யாருடையதோ ஒரு கார் நிற்கிறது. அம்மா என்னோடு மயூர் விஹாரில் இருக்கிறாள். அப்பா போன வருடம் காலமானார். நொய்டாவிலிருந்து மாமா இப்போது வாராவாரம் மெட்ரோவில் வருகிறார், நேரம் பார்க்காமல், வாசல்மணியை அடித்து. என் பிள்ளைகள் அரைகுறைத் தமிழில் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். "ஒங்க தாத்தாவுக்கு ஒரு சீல் நேராப் போடத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, கொஞ்சநேரம் அப்பா இருந்த உள்ளறைப் பக்கம் பார்த்தபடி இருக்கிறார். அங்கிருந்து யாரும் மறுத்துப் பேசுவதில்லை.