லூலு ஓடிய காலைகள்

அந்த ஏழு மாதத்தில் கார்குழலிக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் கட்டிலருகே போய், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் புருஷன் சிலம்பரசனின் முதுகு ஏறி இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டுவாள்.

சிலம்பரசன் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் மெஷின் ஓட்டியவர். கம்பெனியை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. நான்கைந்து இடங்களில் வேலை கேட்டார். நாற்பத்தெட்டு வயது என்றதும் எல்லோரும் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள், யாரும் சொல்லியனுப்பவில்லை. முதலில் வேலை தேடுவதை விட்டார், பிறகு முகச்சவரம் செய்வதை, பிறகு வாசலுக்கு வருவதையும் விட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. புதுச்சேரி முத்தியால்பேட்டையில், இரண்டாவது மாடியில், ஒரே ஜன்னல் உள்ள வீடு. கார்குழலி ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் உதவியாளர். முட்டி தேய்ந்தவர்களையும் கை கால் விழுந்தவர்களையும் கம்பியைப் பிடிக்கவைத்து நடத்துவது அவள் வேலை. வீட்டில் படுத்திருப்பவரை எப்படி எழுப்புவது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

லூலு வந்தது தற்செயலாகத்தான். கார்குழலியின் சிநேகிதி ஜெயம் சமையல் வேலை பார்த்த குடும்பம் பிரான்சுக்குக் குடிபோனது. கூட்டிப்போக முடியாத மூன்று மாத லாப்ரடார் குட்டியை ஜெயத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"பத்து நாளு வச்சிக்க குழலி, யாருக்காவது பாத்துக் குடுத்துடறேன்" என்று ஜெயம் கொண்டுவந்து விட்டாள்.

மறுநாள் காலை குட்டி கட்டிலில் தொற்றி ஏறி, சிலம்பரசனின் கைலியை நனைத்தது. அவர் துள்ளி எழுந்து அதைத் திட்டினார். ஏழு மாதம் கழித்து அந்த வீட்டில் அவர் குரல் உரக்கக் கேட்டது. அடுப்படியில் நின்ற கார்குழலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்து நாள் போனது. குட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை.

சிலம்பரசன் போனில் போலீஸ் நாய்களின் வீடியோக்களைத் தேடித்தேடிப் பார்த்தார். ஒரு விசில் வாங்கினார், முகச்சவரம் செய்தார். காலை ஐந்தேகாலுக்கு முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற மாதிரி சட்டை போட்டுக்கொண்டு லூலுவுடன் கடற்கரைச் சாலைக்குப் போனார். ஆரம்பத்தில் நடை. குட்டிக்கு நாலு மாதம் ஆனபோது அவர் சைக்கிளை எடுத்தார். அவர் மிதிக்க, கயிற்றின் நுனியில் லூலு சிமெண்ட் தரையில் ஓடிவந்தது, இரண்டு சுற்று, பிறகு மூன்று. ஓடி முடித்ததும் கடற்கரைச் சுவரில் ஏறச் சொல்வார், குதிக்கச் சொல்வார். வீடு திரும்பினால் இரண்டு மாடிப் படி. சாயங்காலம் மறுபடியும் ஒரு மணி நேரம் 'உட்காரு', 'இரு', 'வா'.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்குழலியும் கூடப் போனாள். நடக்க வந்தவர்கள் அவரிடம் நின்று பேசினார்கள். நல்லா பழக்கியிருக்கீங்க சார் என்றார் ஒருவர். சிலம்பரசன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் வீடுவரை நினைத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் லூலு அவர் கையைக் கவ்விக் கவ்விக் கடித்தது. துணியைப் பிடித்து உதறியது. கண் சிவந்து, படுக்கவும் தெரியாமல் வட்டமடித்தது.

"பாத்தியா, எவ்ளோ ஓடுனாலும் இதுக்குப் பத்தல" என்றார் சிலம்பரசன். "நாளைக்கு இன்னொரு ரவுண்டு விடணும்."

பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் அழுது அடம் பிடிப்பதை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். இதுவும் அதுதானோ என்று தோன்றியது. சொல்லவில்லை.

குட்டிக்கு ஐந்து மாதம் நிறைந்த வாரத்தில் ஒரு நாள், தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி எழுந்த லூலு முன்னங்காலில் இடதை லேசாக ஊன்றி, சட்டென்று பாரத்தை வலதுக்கு மாற்றியது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். வலியை மறைத்து நடப்பவர்களைத் தினமும் கைப்பிடித்து நடத்துகிறவள் அவள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சிலம்பரசன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கீழிருந்து கேட்டது.

மறுநாளும் பார்த்தாள். அதற்கடுத்த நாளும். ஒருமுறை மட்டும் வாய் திறந்தாள்.

"இன்னிக்கு ஒருநாளு சும்மா விடுங்களேன். பாவம், படுத்துக் கெடக்கட்டும்."

"படுத்தே கெடந்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர், விசிலைக் கழுத்தில் மாட்டியபடி.

அவள் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, அவர் குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையிலிருந்து நடந்தே வந்தார். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தார். சுவரிலிருந்து குதித்தபோது கத்தியது, பிறகு காலை ஊன்றவே இல்லை என்றார்.

கால்நடை மருத்துவர் அஸ்ஃபியா இளம் வயதுக்காரர். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னிக்கு ஒரு நாள்ல வந்ததில்ல சார். எத்தினி நாளா நொண்டுது?"

"இன்னிக்குத்தான்" என்றார் சிலம்பரசன்.

"பதினோரு நாளா" என்றாள் கார்குழலி.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

மருத்துவர் இருவரையும் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். "இந்த வயசுல எலும்போட முனை இன்னும் இளசாத்தான் இருக்கும். வளர்ற எடமே அதான். சைக்கிள் கூட ஓடறது, உசரத்துலேர்ந்து குதிக்கிறது, படி ஏறி எறங்கறது, இதெல்லாம் தாங்காது. அஞ்சு மாசக் குட்டிக்கு ஒரு வேளைக்கு இருபது இருபத்தஞ்சு நிமிஷ நடை போதும், அதுவும் அது இஷ்டத்துக்கு மோந்துக்கிட்டு. பழக்கறதுன்னா மூணு நிமிஷம், நாலு நிமிஷம். அப்புறம் தூங்க விடணும். நிறுத்துன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது சார். நீங்க கூப்பிட்டா வலியோடவே ஓடிவரும்."

ஆறு வாரம் ஓய்வு. படி ஏறக்கூடாது. கால் முழுசாகச் சரியாகுமா என்பதை இப்போது சொல்ல முடியாது.

வரும் வழியில் ஆட்டோவில் அவர் கேட்டார். "ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க திரும்பவும் படுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் வீட்டுக்கு வந்து லூலுவை மூலையில் சாக்கின் மேல் படுக்கவைத்துவிட்டு, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

லீவு போட்டு மூன்று நாள் அவளே லூலுவைத் தூக்கி இறங்கினாள், ஏறினாள். நான்காம் நாள் டூட்டிக்குப் போகவேண்டியிருந்தது. "அத நீங்கதான் கீழ தூக்கிக்கிட்டுப் போவணும்" என்று முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். பதினோரு மணிக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்தாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. லூலு நனைந்த சாக்கில் படுத்தபடி வாலை மட்டும் ஆட்டியது. சிலம்பரசன் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார்.

"எழுந்திருக்கணும்னுதான் நெனச்சேன், குழலி" என்றார். "முடியல."

அவள் தரையைத் துடைத்தாள், சாக்கை மாற்றினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மருந்துக்கு எங்கே போவதென்று தெரியாத வீட்டுக்காரி போல, ஒரு குட்டி நாயை இவருக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறோம் என்று நினைத்தாள். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருப்பவள். இவரை ஒரு டாக்டரிடம் காட்டவேண்டும் என்று இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம்தான்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அது நொண்டறதப் பாத்துட்டும் வாய மூடிக்கிட்டேன். உங்க விஷயத்துலயும் அதத்தான் செஞ்சிருக்கேன். நாளைக்கு என்கூட வாங்க. மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காரு. நான் கூடவே உக்காந்திருப்பேன்."

அவர் மூலையிலிருந்த குட்டியைப் பார்த்தார். "லூலுவ யாரு பாத்துக்குவா?"

"ஜெயத்த வரச் சொல்றேன்."

மறுநாள் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். மாத்திரை வேலை செய்ய நாளாயிற்று. முதல் மாதம் அவர் தூங்கித் தூங்கி விழுந்தார், இனிமேல் வரமாட்டேன் என்று இரண்டு முறை சண்டை போட்டார்.

இப்போது லூலுவுக்கு ஒன்பது மாதம். இடது முன்னங்கால் கொஞ்சம் கோணல்தான். மழை நாளில் நொண்டும், படி ஏறி இறங்க இன்னும் விடுவதில்லை. சிலம்பரசனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. எழுந்திருக்கிற நாட்களில் லூலுவைக் கீழே தூக்கிப்போய், தெருமுனை வரை அது மோந்து பார்க்கிற வேகத்தில் கூட நடப்பார். திரும்பும்போது 'இரு' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, போதும் என்று தூக்கிக்கொள்வார்.

எழுந்திருக்க முடியாத நாட்களும் உண்டு. அன்றைக்கு அவரே சொல்லிவிடுகிறார். "இன்னிக்கு முடியல, குழலி."

அவள் வார்டுக்குப் போன் போட்டு, "பத்து நிமிஷம் லேட்டாவும் சிஸ்டர்" என்பாள். இருபது கிலோ லூலுவை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்குவாள்.