பீடி மாத்திரை

மருந்துக்கடையில் நின்றால் மருந்து தெரிந்துவிடும் என்பார்கள். எனக்குக் குழப்பம்தான் கூடியது. கவுன்ட்டருக்கு எந்தப் பக்கம் நின்று இப்படி அவதிப்பட்டிருந்தாலும் நீங்கள் என் கட்சி. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருவொற்றியூரில் கடை வைத்திருந்தபோது ஒரே ஒரு மாத்திரையிடம் நான் பட்டது இது.

மனசா, நெஞ்சா?

மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் செல்வம் சீட்டை நீட்டினார். பக்கத்துத் தெருக்காரர்தான், பத்து வருஷத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். பீடியை விடாவிட்டால் நுரையீரல் போய்விடும் என்று நெஞ்சு டாக்டர் எழுதிய மாத்திரை, புப்ரோப்பியான். எனக்குப் புதுசு. புத்தகத்தைப் புரட்டினால் மனச்சோர்வுக்கு என்று போட்டிருந்தது. பதறிப்போய், "மனசு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டேன். முறைத்தார்.

டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டுக்கும் அதே மாத்திரைதான் என்றார். எப்படி என்று கேட்க வெட்கமாக இருந்தது. செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்சுலாம் ஒண்ணியும் இல்ல. பீடிக்குதான் குட்த்தாரு. குடு."

முதல் வாரம்

மூன்றாம் நாள் கடைவாசலில் பீடி இழுத்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே கோபம். மாத்திரையும் பீடியுமா என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். சீட்டை எடுத்துக் காட்டினார். முதல் வாரம் இரண்டும் இருக்கலாம், பிறகு பீடியை விடவேண்டும் என்று ஓரத்தில் எழுதியே இருந்தது. "நீ கடைய மட்டும் பாரு."

கேட்டில் பறிமுதல்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் லாரி போகுமுன் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பீடியை விட்ட பிறகும் பழக்கதோஷத்தில் செல்வத்தின் கை சட்டைப்பைக்குப் போய், மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. இது என்ன என்று காவலாளி கேட்க, பீடி மாத்திரை என்றிருக்கிறார். வாங்கி உள்ளே வைத்துவிட்டான் காவலாளி. திரும்பி வாங்க மறந்து, சாயந்திர வேளைக்கு மாத்திரை கேட்டு என்னிடம் வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "மாத்திரைக்கு டோக்கன் குட்த்துக்கீறான் மாமு!"

மல்லிகா கேட்டது

மூன்றாம் மாதம் அவர் மனைவி மல்லிகா காலி அட்டையோடு வந்தார். பீடி நின்றுவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நல்ல சேதிதானே என்றேன். அழுதுவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏழு வருசமா வூட்ல வாய தொறக்காத மனுசன்ணா. இப்ப புள்ளைங்களோட குந்திகினு சிரிக்கிறாரு. பீடி வோணா புட்ச்சிக்கட்டும், இத்த மட்டும் நிறுத்தாதண்ணா."

சீட்டில்லாமல் தரமுடியாது, என்னிடம் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். அடுத்த வாரம் செல்வமே வந்தார், மனநல டாக்டரின் சீட்டோடு, அதே மாத்திரைக்கு.

முதல் நாளே சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு அதற்கு மன்னிப்பும் கேட்ட ஒரே மருந்துக்கடைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.