கீழ்ப்பக்கத்து ரிங்

கையில் மிட்டாயை வைத்துக்கொண்டு "இந்தா" என்று நீட்டுவேன். தங்கச்சி கையை நீட்டியதும் வெடுக்கென்று பிடுங்கி என் வாயில் போட்டுக்கொள்வேன். அவள் தவழ்ந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் சோலி. பள்ளிக்கூடத்தில் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைத் தள்ளிவிட்டது, மறுபடி எழுதினேன், மறுபடி தள்ளியது. அதற்குமேல் அதைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று வில்பட்டியிலிருந்து டவுனுக்குக் காய்கறி கொண்டுபோகும் வண்டியில் மூட்டை தூக்கப் போய்விட்டேன். ஆனால் நீட்டிப் பிடுங்குவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

தங்கச்சி என்னைப் போல இல்லை. நன்றாகப் படித்தாள். டவுனில் பெண்கள் பள்ளியில் பாஸ்கெட்பால் டீமிலும் இருந்தாள். ஆள் குள்ளம். டீம் போட்டோவில் அவளை எப்போதும் உட்கார வைத்திருப்பார்கள். "நின்னாலும் அவ்வளவுதான் தெரிவா" என்பேன். போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள்.

பள்ளியில் மழைக்கும் பனிக்கும் பயந்து கிரவுண்டை அடிக்கடி பூட்டிவிடுவார்கள். அதனால் அவள் நிஜமாக ஆடிப் பழகியது எங்கள் ஊரில்தான். பஸ் திரும்புகிற வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தரை உண்டு. இரண்டு பக்கமும் ரிங். மேல்பக்கத்து ரிங்கில் பயல்கள் தொங்கித் தொங்கி, அது நாடி இறங்கிப்போய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கத்து ரிங் மட்டும் உருப்படி. அதற்குப் பின்னால் படிபோல வெட்டிய இரண்டு தட்டு இறங்கினால் கேரட் தோட்டம். கூடையில் விழாத பந்து அங்கேதான் போய் விழும். தோட்டத்து அக்கா அதைத் திருப்பி எறியும்போது கூடவே ஒரு வார்த்தையும் எறிவார்.

"ஏலே, பந்து விளையாடுறீகளா, இல்ல என் கேரட்டை எண்ணுறீகளா?"

"எண்ணத்தான்க்கா வந்தோம். ஒண்ணு கொறையுது."

"ஒன் மண்டைலதான் கொறையுது."

அந்தத் தரையில் ஆடும் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பந்தைக் கீழே வைத்தால் அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிக்கும்போதும், தலைமுடியைக் கட்டும்போதும், சண்டை போடும்போதும் கால் பந்தின் மேல்தான். எடுத்தால் பந்து தானாகப் புறப்பட்டுக் கேரட் தோட்டத்துக்குப் போய்விடும். ஏன் போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. எங்கள் ஊரில் எதை வைத்தாலும் ஓடத்தான் செய்யும். கட்டிலின் இரண்டு காலுக்கு அடியில் கல் இருக்கும். அடுப்பில் சட்டியை வைத்தால் குழம்பு ஒரு பக்கமாகத்தான் கொதிக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற சமயம் அவள் செல்போனில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரன் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறான். எங்கள் இருவருக்கும் அது விளங்கவில்லை. ஆனால் அவனுடைய கால் விளங்கியது. பந்தைத் தட்டிக்கொண்டே கூடையைப் பார்த்து ஓடிவருகிறான். பந்தைக் கையில் எடுத்த பிறகு இரண்டே எட்டுதான் வைக்கலாம், மூன்றாவது வைத்தால் விசில். அந்த இரண்டில் முதல் எட்டை வலது பக்கம் அகலமாக வைக்கிறான். தோளும் கண்ணும் வலது பக்கம் போகின்றன. மறிக்கிறவன் அந்தப் பக்கம் சாய்கிறான். இரண்டாவது எட்டு இடது பக்கம். மறிக்கிறவனைத் தாண்டிப் பந்தை மெதுவாகப் பலகையில் ஒட்டவைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

"இது உன் மிட்டாய் வேலைதாண்ணே" என்றாள். "குடுக்குற மாதிரி குடுத்துட்டுப் பிடுங்குவேல்ல, அதைக் காலால செய்றான்."

"அப்ப எனக்குத்தான் மெடல் தரணும்."

"உனக்கு வேற ஒண்ணு தரேன். வந்து மறி."

லோடு இறக்கிவிட்டு வந்த களைப்பில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே, கீழ்ப்பக்கத்து ரிங்குக்கு முன்னால் கையை விரித்து நிற்பேன். அவள் மேலேயிருந்து வருவாள். முதலில் சில நாள் நேராக என் நெஞ்சிலேயே வந்து மோதினாள். பொய்யான எட்டை வைக்கும்போது அவள் கண் போகவில்லை, கால் மட்டும் போனது. நானாவது ஏமாறுவதாவது.

"ஏ கழுத, மிட்டாயை நீட்டும்போது நான் உன் மூஞ்சியப் பாத்து சிரிப்பேன்ல. நீ களவாணி மாதிரி முழிக்கிற. எவன் நம்புவான்?"

அதிலிருந்து சிரித்துக்கொண்டே வர ஆரம்பித்தாள். பிறகு தோளைச் சரிசெய்தாள். ஒரு நாள் மாலை, பனி இறங்கிப் பாதித் தரை தெரியாமல் போனபோது, மேலேயிருந்து பந்து தட்டும் சத்தம் மட்டும் வந்தது. பனிக்குள்ளிருந்து அவள் வெளியே வந்தபோது வலது தோள் என் பக்கம் இறங்கியது. நான் அந்தப் பக்கம் விழுந்தேன். எழுந்து பார்த்தால் அவள் எனக்குப் பின்னால் நின்று பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

"யாரைத் தேடுற?" என்றாள்.

அதற்குப் பிறகு அவளை என்னால் மறிக்க முடிந்ததேயில்லை. அந்த ஊரில் யாராலும் முடியவில்லை.

வீட்டில் நிலைமை வேறாக இருந்தது. அப்பாவுக்கு மூட்டை தூக்கி இடுப்பு போயிருந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் சிலர் திண்டுக்கல் தாண்டி ஒரு நூல் மில்லில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தார்கள். தங்கச்சிக்கும் அங்கே இடம் சொல்லி வைத்தாகிவிட்டது. இவள் திண்டுக்கல்லில் ஒரு செலக்‌ஷன் நடப்பதாகவும், அதில் எடுத்துவிட்டால் தங்க இடம், சாப்பாடு, காலேஜ் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தது. நிமிரவில்லை.

"எடுத்தா படி. நான் வேணாம்னா சொல்லப்போறேன்? எடுக்கலைன்னா மில்லுக்குப் போ. அதுக்கு மேல என்னைய எதுவும் கேக்காத தாயி."

அன்றைக்கு வெள்ளனே முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுப்பது போல நடித்து அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தேன். வத்தலக்குண்டு தாண்டியதும் அவள் நிஜமாகவே எடுத்தாள்.

செலக்‌ஷன் நடந்தது கூரை போட்ட ஒரு பெரிய ஹாலில். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் தங்கச்சியைவிட ஒரு முழம் உயரமான பெண்கள் நின்றிருந்தார்கள். நான் பயப்படவில்லை. உயரமானவர்கள் விழுந்தால் சத்தம் அதிகம் வரும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவள் பந்தை வாங்கினாள். தட்டிக்கொண்டே போனாள். எதிரே நின்ற நெட்டைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். தோள் வலது பக்கம் போனது. நெட்டை அந்தப் பக்கம் சாய்ந்தாள். தங்கச்சி இடது பக்கம் போய்த் தாண்டிவிட்டாள். நான் பெஞ்சில் பாதி எழுந்துவிட்டேன்.

விசில்.

மூன்று எட்டு வைத்துவிட்டாள் என்று கையைச் சுழற்றிக் காட்டினார் நடுவர். தங்கச்சி தன் காலைக் குனிந்து பார்த்தாள். அடுத்த தடவையும் நெட்டை ஏமாந்தாள், அடுத்த தடவையும் விசில். அதற்கடுத்த தடவை மூன்றாவது எட்டை வைக்காமல் அடக்கிக்கொண்டாள். பந்து பலகைக்கே போகவில்லை. ரிங்குக்குக் கீழே, ஒரு முழம் முன்னால், செத்த கோழி மாதிரி விழுந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் இதே காலால் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள். என்ன ஆயிற்று?

இடைவேளையில் தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தாள். பந்தைக் கீழே வைத்தாள். அதன்மேல் காலை வைத்துக்கொண்டு பாட்டிலைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற பெண் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஏன் பந்தை மிதிச்சுக்கிட்டே நிக்கிற? அது எங்க ஓடப்போகுது?"

தங்கச்சி காலை எடுத்தாள். பந்து அங்கேயே நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பந்தைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது என்று கொத்தனார் வாட்டம் விட்டுப் போட்ட தரை எங்கள் ஊர்த் தரை. போதாததற்கு, மலையும் தன் பங்குக்குச் சாய்த்திருந்தது. அவள் எப்போதும் மேலேயிருந்து கீழே ஓடிவந்து பழகியவள். இரண்டு எட்டு வைத்தால் சரிவு அவளை மிச்ச தூரம் தள்ளிக்கொண்டு போய் ரிங்கில் விட்டுவிடும். இங்கே தள்ள யாரும் இல்லை. கால் அந்த தூரத்தைத் தேடி இன்னொரு எட்டு வைத்தது. எங்களுக்கு அது சரிவு என்றே தெரியாது. எங்கள் ஊரில் மட்டமான இடம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் கிரவுண்டைத்தான் கை காட்டியிருப்போம்.

தெரிந்து என்ன செய்ய? கால் அதற்குள் பாடம் மாறுமா? மறுபாதியில் இரண்டு விசில். பிறகு பந்தை வாங்கியதும் அடுத்தவளிடம் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் எடுத்தவர்களின் பெயர்களைக் கூப்பிட்டார்கள். இவள் பெயர் வரவில்லை. ஆளை எடுக்கிற அம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"ஏமாத்து ரொம்ப அழகா இருக்கும்மா. நெட்டையை நிக்க வச்சுட்டு வர்ற. ஆனா மூணு ஸ்டெப் வருது. அது ஊறிப்போச்சு. யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"எங்க அண்ணன்கிட்ட" என்றாள்.

திரும்பும்போது ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டேன். மலை ஏறத் தொடங்கியதும்தான் பேசினாள்.

"தரை சரியில்லண்ணே."

"தரை சரியாத்தான் இருந்துச்சு புள்ள."

"அதைத்தான் சொல்றேன்."

கேலியாகச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று ஊர் வரும்வரை தேடினேன். அடுத்த மாதம் மில் வேன் அடிவாரத்தில் நின்றது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். பந்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். கட்டிலுக்கு அடியில், உருளாமல் இருக்க ஒரு செங்கல்லை அணை கொடுத்து வைத்திருந்தாள்.

அவள் மில்லில் சேர்ந்து மூன்றாவது வருஷம், போன பிளம்ஸ் சீசனில் அவளைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் பக்கத்து அறையில் வீட்டு ஆட்களைப் பார்க்க விடுவார்கள். தலைமுடியில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருக்க வந்து நின்றாள். உயரம் கூடவில்லை. பிளம்ஸ் பையை "இந்தா" என்று நீட்டினேன்.

அவள் கையை நீட்டவில்லை. பையையும் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, காத்து நின்றாள். நான் பையை நீட்டியபடியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"ஏண்ணே, பிடுங்கல?"

"உனக்குத்தான் கொண்டாந்தேன். எடுத்துக்க."

எடுத்துக்கொண்டாள். பழத்தைச் சட்டையில் துடைத்துக் கடித்தாள். அம்மாவைக் கேட்டாள், அப்பா இடுப்பைக் கேட்டாள், கேரட் தோட்டத்து அக்கா இன்னும் திட்டுகிறாரா என்று கேட்டாள். பந்து போகாததால் திட்ட ஆளில்லாமல் சோர்ந்துபோயிருக்கிறார் என்றேன். கொஞ்சம் சிரித்தாள். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உள்ள தரையெல்லாம் மட்டமா கெடக்கும்ணே. மிஷினுக்கு நடுவுல ஒரு ஷிப்டு பூரா அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கணும். இப்ப கால் பழகிருச்சு. யாரும் பாக்காதப்ப செஞ்சு பாத்தேன். ரெண்டு ஸ்டெப்தான் வருது."

"அப்ப அடுத்த செலக்‌ஷனுக்கு..."

"அதுக்கு வயசு தாண்டிருச்சுண்ணே."

வாட்ச்மேன் நேரமாகிவிட்டது என்றார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்கதவைப் பார்த்துப் போனாள். எதிரே ஷிப்டு முடித்த இரண்டு பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் நிற்கவில்லை. வலது தோள் போனது. அந்தப் பெண்கள் இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். இடது பக்கமாகப் போய் உள்ளே மறைந்துவிட்டாள். இரண்டே எட்டு.

"யாரத் தம்பி மறிக்கிறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

அப்போதுதான் பார்த்தேன். என் கை இரண்டும் விரிந்து நின்றுகொண்டிருந்தன.